வெயில் இருந்தால் மட்டும் விளக்கு எரிந்துவிடாது

கேள்வி இதுதான்: "வளரும் நாடுகளில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. சூரிய மின்சாரம் தூய்மையானது, இப்போது மலிவாகவும் ஆகிவிட்டது என்கிறார்கள். அப்புறம் ஏன் இந்த நாடுகள் நிலக்கரியையும் டீசலையும் கட்டிக்கொண்டு அழுகின்றன? முழுசாகச் சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட முடியாதா?"

பெருமளவுக்கு மாற முடியும், மாறவும் வேண்டும். இருபது வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது பேனல் விலையே பெரிய தடையாக இருந்தது. இன்று அந்தத் தடை கிட்டத்தட்ட விலகிவிட்டது. மிச்சமிருப்பவை மூன்று: கடனுக்கான வட்டி, பொழுது சாய்ந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி, ஐந்தாவது வருடம் பேட்டரி போனால் அதை மாற்ற ஆளும் பணமும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. சோலார் பற்றிய பேச்சு பெரும்பாலும் பேனலிலேயே நின்றுவிடுகிறது. இந்தத் துறையில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், இருப்பதிலேயே சுலபமான பகுதி அந்தப் பேனல்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் பேச்சு காற்றில் மிதக்கும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் ஒளியின் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல பேனல் அதில் 20 முதல் 22 சதவீதத்தை மின்சாரமாக மாற்றுகிறது. காலை, மாலை, மேகம், தூசி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், வெயில் நன்றாக விழும் ஊரில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "1,000 மெகாவாட் சோலார்" என்று தலைப்புச் செய்தி வரும்போது அதை 1,000 மெகாவாட் அனல் மின் நிலையத்துக்குச் சமமாக வைத்துப் பார்க்கக் கூடாது. அனல் நிலையம் ராத்திரியும் ஓடும். சோலார் ஒரு நாளில் தருவது, முழுத் திறனில் நான்கு மணி நேரம் ஓடினால் கிடைக்கும் விளைச்சல்தான்.

வெப்ப நாடுகளுக்கு இன்னொரு கழிவும் உண்டு. பேனலுக்குத் தேவை ஒளி, சூடு அல்ல. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, அதன் செல்கள் (ஒளியை மின்சாரமாக்கும் சின்னத் தகடுகள்) 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. கோடை மதியத்தில் அந்தச் செல்கள் 60 டிகிரியைத் தொட்டுவிடும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அதாவது எட்டில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடுகிறது. தகரக் கூரைமேல் பேனலை இடைவெளி விடாமல் படுக்க வைத்துவிட்டு, "சொன்ன அளவு கரண்ட் வரவில்லை" என்று வருந்துபவர்கள் நிறைய. அடியில் காற்றோட ஒரு சாண் இடம் விட்டாலே நிலைமை தேறும்.

சரி, ஒரு ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பேனல் தேவை? 50 வாட் பேனல் ஒன்று, அதாவது அகலமான கோலப்பலகை அளவு. பகலில் 200 வாட்-மணி தரும். பேட்டரியில் போய்த் திரும்பும்போது ஆகும் இழப்பு போக 150 மிஞ்சும். அதில் 5 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று ஐந்து மணி நேரம் எரியலாம், செல்போன் சார்ஜ் ஏறலாம், நேர்மின்சாரத்தில் ஓடும் சின்ன மின்விசிறி நான்கைந்து மணி நேரம் சுற்றலாம். இதே வீட்டில் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஐந்து மணி நேரம் எரித்தாலே 300 வாட்-மணி காலி. ஏழை வீடுகளுக்கு வெளிச்சம் வந்ததில் பாதிப் பெருமை எல்.இ.டி.க்குச் சேர வேண்டும். யாரும் அதைச் சொல்வதில்லை.

தூய்மை விஷயத்துக்கு வருகிறேன். பேனல் ஓடும்போது புகை இல்லை, சத்தம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. செய்வதற்கு, ஏற்றி வருவதற்கு, கடைசியில் கழிப்பதற்கு ஆகும் மாசையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். அப்படி ஆயுள் முழுவதற்கும் பார்த்த கணக்கை, தட்பவெப்ப மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2014-ல் வெளியிட்டது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் கார்பன் டைஆக்சைடு அளவுக்கு வெளியிடுகிறது, சோலார் பேனல் 41 முதல் 48 கிராம். இது நடுமதிப்பு. பேனல் தயாரிக்கும் முறை அதற்குப் பிறகு இன்னும் மேம்பட்டுவிட்டது. ஒரு பேனலைச் செய்யச் செலவான ஆற்றலை அந்தப் பேனலே ஓரிரு வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். மீதி இருபது வருடத்துக்கு மேல் வருவதெல்லாம் வரவு.

ஆனால் கார்பன் கணக்கு மட்டும் என்னை இந்தத் துறைக்குள் இழுத்துவரவில்லை. மண்ணெண்ணெய் விளக்கு எரியும் ஒரு சின்ன அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கண் எரியும், தொண்டை கரகரக்கும். விளக்குக்கு நேர்மேலே கூரையில் கரி ஒரு வட்டமாகப் படிந்திருக்கும். அதே கரிதான் அந்த வீட்டுப் பிள்ளைகளின் நெஞ்சிலும் இறங்குகிறது. விளக்கு கவிழ்ந்தால் தீக்காயம். இவ்வளவும் கிடைத்த மங்கிய வெளிச்சத்துக்குக் கொடுத்த விலை. ஏழைக் குடும்பம் அதே அளவு வெளிச்சத்துக்குக் கொடுத்த காசு, நகரத்து வசதிக்காரர் கொடுத்ததைவிடப் பல மடங்கு. தூய்மை என்ற சொல்லுக்கு வளரும் நாட்டில் முதல் அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன். தட்பவெப்பம் அதற்கு அடுத்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது. பேனலுக்கான சிலிக்கானைச் சுத்திகரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். பேனல் தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் கணக்கிட்டது. அங்கே அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பழைய பேனல் குப்பை இன்னொரு கவலை. 2050-க்குள் மொத்தம் 7.8 கோடி டன் அளவுக்குச் சேரக்கூடும் என்ற மதிப்பீடு 2016-லேயே வந்தது. அதில் பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியமும்தான், மறுபடி பயன்படுத்த முடியும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஈய பேட்டரி.

செனகல் நாட்டின் டாக்கர் நகருக்குப் பக்கத்தில் தியாரோய்-சுர்-மேர் என்ற இடம் இருக்கிறது. பழைய வாகன பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுப்பது அங்கே பிழைப்பாக இருந்தது. உடைத்த இடத்து மண்ணில் ஈயத்தூள் கலந்துவிட்டது. அந்த மண்ணைச் சலித்தும் ஈயம் எடுத்தார்கள், தூசி வீடுகளுக்குள் வந்தது. 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அவை கார் பேட்டரிகள்தான். ஆனால் வீட்டு சோலாரில் வைக்கும் ஈய அமில பேட்டரியும் அதே ஈயம், அதே அமிலம். மூன்று நான்கு வருடத்தில் அதன் ஆயுள் முடியும். பேட்டரியைக் கொடுக்கத் தெரிந்த திட்டம் அதைத் திரும்ப வாங்கவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத திட்டத்தைத் தூய்மையான திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது பணம். இந்த விஷயத்தின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் பயனுள்ள சிலிக்கான் செல்லைக் காட்டினார்கள். ஒளியில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. 1958-ல் வான்கார்டு செயற்கைக்கோளில் ஏறியது. விண்வெளிக்கு மட்டுமே கட்டுப்படியாகிற விலை அப்போது. அங்கிருந்து இறங்கி இறங்கி, 2010-லிருந்து 2020-க்குள் மட்டும் பேனல் விலை ஏறக்குறைய 90 சதவீதம் விழுந்தது. வேறு எந்த மின் உற்பத்தித் தொழில்நுட்பமும் இந்த வேகத்தில் மலிவானதில்லை.

அப்படியும் ஏன் ஏழை நாட்டில் சூரிய மின்சாரம் விலை கூடுகிறது? அனல் நிலையத்துக்குக் கட்டும் செலவு ஒரு பங்கு, பிறகு முப்பது வருடம் நிலக்கரி வாங்கும் செலவு பல பங்கு. சோலாரில் எரிபொருளுக்குக் காசு கிடையாது, அதனால் மொத்தச் செலவும் முதல் நாளிலேயே வந்து நிற்கிறது. அந்தப் பணத்தைக் கடனாக வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே சோலாரில் எரிபொருளின் இடத்தை வட்டி பிடித்துக்கொள்கிறது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 100 ரூபாய்க்கு ஒரு நிலையம் கட்டுகிறோம், 25 வருடத்தில் சம தவணையாகக் கடனை அடைக்கிறோம் என்று வையுங்கள். வட்டி 4 சதவீதம் என்றால் வருடத் தவணை 6 ரூபாய் 40 காசு. வட்டி 12 சதவீதம் என்றால் 12 ரூபாய் 75 காசு. அதே பேனல், அதே வெயில், அதே ஆட்கள். மின்சாரத்தின் அடக்க விலை மட்டும் இரண்டு மடங்கு. பணக்கார நாடுகள் முதலாவது வட்டிக்குப் பக்கத்தில் கடன் வாங்குகின்றன, ஏழை நாடுகள் இரண்டாவதற்குப் பக்கத்தில். போதாக்குறைக்குக் கடன் டாலரில், வருமானம் உள்ளூர் நாணயத்தில். நாணய மதிப்பு சரிந்தால் கட்டி முடித்த நிலையத்தின் கடன் ராத்திரியோடு ராத்திரியாகப் பெருத்துவிடும்.

ஆப்பிரிக்காவைப் பார்த்தால் இது எவ்வளவு கொடுமை என்று புரியும். உலகத்தின் மிகச் சிறந்த சூரிய வளத்தில் 60 சதவீதம் அந்தக் கண்டத்தில் இருக்கிறது. நிறுவப்பட்ட சூரிய மின் திறனிலோ அதன் பங்கு 1 சதவீதம்தான் என்று 2022-ல் சர்வதேச எரிசக்தி முகமை எழுதியது. சகாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேர் மின்சாரமே இல்லாமல் வாழ்கிறார்கள். அவர்கள் தலைமேல் தினமும் விழுகிற ஒளி யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை. கடன்தான் காத்திருக்கிறது. வளரும் நாடுகளின் சூரிய மின்சாரத்துக்கு உதவ விரும்புகிற எவரும் பேனல் தானம் தருவதைவிட வட்டியைக் குறைக்க வழி செய்தால் பல மடங்கு பலன் கிடைக்கும். கடன் உத்தரவாதம் கொடுக்கலாம், உள்ளூர் நாணயத்தில் கடன் தரலாம்.

குடும்ப அளவில் இந்தச் சிக்கலைத் தவணை முறை தீர்த்தது. அதில் பாடமாகப் படிக்க வேண்டிய நாடு வங்கதேசம். 2003-ல் அங்கே இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் உலக வங்கியின் ஆதரவோடு வீட்டு சோலார் திட்டத்தைத் தொடங்கியது. பேனலை இலவசமாகக் கொடுக்கவில்லை. கிராமீன் சக்தி போன்ற நிறுவனங்கள் கிராமத்துக்குப் போய்ப் பொருத்தின. முன்பணம் கொஞ்சம், மிச்சம் மாதத் தவணை. தவணை வாங்க வருகிறவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போவார். அதுதான் திட்டத்தின் உயிர்நாடி. பணம் வர வேண்டுமானால் விளக்கு எரிய வேண்டும், விளக்கு எரியாவிட்டால் தவணை வராது. அதனால் பழுது பார்ப்பது நிறுவனத்தின் சொந்த அக்கறையாகிவிட்டது. 2018-க்குள் 41 லட்சம் வீடுகளில் பொருத்தினார்கள், சுமார் 2 கோடிப் பேருக்கு வெளிச்சம் போனது. தனித்தியங்கும் சோலாரில் இவ்வளவு பெரிய திட்டம் உலகில் வேறெங்கும் நடந்ததில்லை.

பிறகு அது ஏன் நின்றது? அரசின் மின்கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கிராமங்களை எட்டியது. இன்னொரு பக்கம் அரசின் வேறொரு திட்டம் பேனல்களை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவசமாக வந்த பொருளுக்கு நான் ஏன் தவணை கட்ட வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? வசூல் சரிந்தது, பொருத்திய நிறுவனங்கள் நொடித்தன. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து வருடத்தில் 2 கோடிப் பேருக்கு மண்ணெண்ணெய்ப் புகை இல்லாத வெளிச்சம் கிடைத்தது. மின்கம்பி வந்தபோது அவர்கள் மகிழ்ச்சியோடு அதற்குப் போனார்கள், ஏனென்றால் 50 வாட் பேனலில் குளிர்சாதனப் பெட்டியும் தையல் மோட்டாரும் ஓடாது. வீட்டு சோலார் முதல் படி. அதோடு நில் என்று ஏழைகளிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கென்யா இதை வேறு விதமாகச் செய்தது. 2007-லேயே அங்கே எம்-பெசா என்ற செல்போன் பணமுறை வந்துவிட்டது. அதன்மேல் ஏறி, தினமும் சில்லறையாகக் கட்டக் கட்ட விளக்கு திறந்துகொள்ளும் சோலார் பெட்டிகள் வந்தன. மண்ணெண்ணெய்க்கு அன்றாடம் கொடுத்த அதே காசு, அதே அன்றாட முறையில் சோலாருக்குப் போனது. தினக்கூலி வாங்குகிறவருக்கு மாதத் தவணையைவிட அது பொருந்தியது.

பராமரிப்பைப் பற்றி நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மின்கம்பி எட்டாத ஓர் இடத்தில் இருந்த சின்ன சுகாதார நிலையம். கூரையில் நல்ல பேனல்கள், உள்ளே ஆறு ஈய பேட்டரிகள். பொருத்தி மூன்று வருடத்துக்குப் பிறகு விளக்கு ஏழு மணிக்கெல்லாம் அணைந்துவிடுகிறது என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மேலே போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன், பேனல் புதிது போலவே வேலை செய்தது. கீழே வந்து பேட்டரி மூடிகளைத் திறந்தேன். உள்ளே தகடுகள் பாதிக்குமேல் வெளியே தெரிந்தன. வெளியே தெரிந்த பாகம் வெளுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த தண்ணீரில் உப்பு பூத்திருந்தது. அங்கிருந்த செவிலியர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தண்ணி குறைஞ்சா ஊத்தணும்னு சொன்னாங்க சார். எந்தத் தண்ணின்னு சொல்லல. கிணத்துத் தண்ணிதான் ஊத்தினேன். அதுக்கப்புறம் மூணு வருஷமா யாரும் வரல." டிஸ்டில்டு வாட்டர், அதாவது உப்பில்லாத காய்ச்சி வடித்த தண்ணீர், என்ற ஒரு சொல்லை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சுவரில் பொருத்தியவர்களின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. அடித்துப் பார்த்தேன், அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை. அந்த நிலையத்தில் பல மாதமாக ராத்திரிப் பிரசவங்கள் செல்போன் டார்ச் வெளிச்சத்தில் நடந்திருக்கின்றன.

அந்த அம்மாவின் மேல் தவறே இல்லை. பேனல் வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள் பேட்டரி மாற்ற ஒரு காசும் ஒதுக்கவில்லை. திறப்பு விழாப் படத்தில் பேனல் தெரியும், பேட்டரி தெரியாது. இதே கதையை ஆள் மாற்றி, இடம் மாற்றி எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு மரக்கிளை வளர்ந்து பேனலின் ஒரு மூலையில் நிழல் போட்டால்கூட அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாமல் போகும், ஏனென்றால் செல்கள் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. கிளையை வெட்ட வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் அங்கே இருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்த ஆள் இல்லாவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பேட்டரியை முடிந்த இடத்திலெல்லாம் தவிர்த்துவிடுவதும் ஒரு வழி. மின்சாரத்தைச் சேமிப்பதைவிட, மின்சாரம் செய்கிற வேலையைச் சேமிப்பது மலிவு. தண்ணீர் மோட்டார் வெயிலில் ஓடட்டும், மேல்நிலைத் தொட்டி நிரம்பட்டும். ராத்திரி தண்ணீர் தானாக இறங்கும், அந்தத் தொட்டியே பேட்டரி. தடுப்பூசி மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர் வேண்டும். இப்போது பேனலிலிருந்து நேரடியாக ஓடும் குளிர்பெட்டிகள் வந்துவிட்டன. பகலில் பெட்டியின் உள்சுவரில் பனிக்கட்டி உறைகிறது, இரவு முழுக்க அந்தப் பனி மருந்தைக் காக்கிறது. பேட்டரியே கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதும் இல்லை. மாவு அரைப்பது, தானியம் உலர்த்துவது, ஐஸ் போடுவது எல்லாம் பகலில் செய்துவிடக்கூடிய வேலைகள். ஒரு கிராமத்தில் பகல் வேலைகளையெல்லாம் முதலில் சோலாருக்கு மாற்றிவிட்டு, மீதி இரவுத் தேவைக்கு மட்டும் பேட்டரி வைத்தால் செலவு வெகுவாகக் குறையும்.

இதிலும் கவனம் வேண்டும். டீசல் மோட்டார் வைத்திருந்த விவசாயி ஒவ்வொரு மணி நேரமும் காசு கரைவதைப் பார்த்து நிறுத்துவார். சோலார் மோட்டாரில் வெயில் இருக்கும்வரை செலவே இல்லை, எனவே அது ஓடிக்கொண்டே இருக்கும். நிலத்தடி நீர் இறங்கிய பகுதிகளில் அது ஆபத்து. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில் சில விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, பாசனத்துக்குப் போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை 2016 முதல் மின் பகிர்மான நிறுவனத்துக்கு விற்றார்கள். தண்ணீரை வீணாக இறைப்பதைவிட மின்சாரத்தை விற்றால் வருமானம் என்று ஆகும்போது மோட்டாரை நிறுத்த ஒரு காரணம் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

இனி நாட்டு அளவில் பார்ப்போம். வியட்நாமின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வளரும் நாடும் சோலார் கொள்கை எழுதக் கூடாது என்பேன். 2019 ஜூன் மாதத்துக்குள் ஓடத் தொடங்கும் நிலையங்களுக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் தருவோம் என்று அந்த அரசு அறிவித்தது. நல்ல விலை. 2018-ல் பெயருக்குத்தான் சோலார் இருந்த நாட்டில் 2020 முடிவதற்குள் சுமார் 16.5 கிகாவாட், அதாவது 16,500 மெகாவாட், வந்து குவிந்தது. ஏழை நாட்டால் வேகமாகச் செய்ய முடியாது என்று சொன்னவர்களின் வாயை வியட்நாம் அடைத்துவிட்டது. ஆனால் நிலையங்கள் பெரும்பாலும் வெயில் அதிகமான நிந் துவான், பிந் துவான் போன்ற தென்பகுதி மாகாணங்களில் வந்தன. மின்சாரத்தை ஏற்றிச் செல்லும் உயரழுத்தக் கம்பிகள் அந்த வேகத்தில் வரவில்லை. நல்ல வெயில் நேரத்தில் நிலையங்களை அணைத்துவைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 2023 ஜூனில் வடபகுதியில் அணைகள் வற்றி மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோது, தெற்கே இருந்த சூரிய மின்சாரம் வேண்டிய அளவுக்கு வடக்கே போய்ச் சேர வழியில்லை. புதிய 500 கிலோவோல்ட் பாதை 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது. ஒரு சோலார் நிலையத்தை ஆறு மாதத்தில் கட்டலாம். மின்பாதைக்கு நிலம் எடுத்துக் கோபுரம் நட்டுக் கம்பி இழுக்க வருடங்கள் ஆகும். ஆகவே பாதையை முதலில் தொடங்க வேண்டும்.

பாகிஸ்தானில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே அரசு பெரிதாகத் திட்டம் எதுவும் போடவில்லை. மின்கட்டணம் தாங்க முடியாமல் ஏறியது, சீனப் பேனல் விலை விழுந்தது. மக்களும் தொழிற்சாலைகளும் தாங்களாகவே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 2024-ல் மட்டும் சுமார் 17 கிகாவாட் பேனல் அந்த நாட்டுக்குள் இறங்கியது. கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது, ஒரு பாதி மட்டும். பேனல் வாங்க வசதி உள்ளவர்கள் மின் கட்டமைப்பை விட்டு விலக விலக, பழைய மின் நிலையங்களுக்குக் கொடுத்தே தீர வேண்டிய நிலையான கட்டணம் மிஞ்சியிருப்பவர்களின் தலையில் விழுகிறது. மிஞ்சியிருப்பவர்கள் யார்? வாடகை வீட்டுக்காரர்கள், கூரை இல்லாதவர்கள், முன்பணம் இல்லாதவர்கள். கூரை சோலாருக்கு மானியம் தரும் எந்த நாடும் வாடகைக் குடித்தனக்காரருக்கு என்ன வழி என்று அதே உத்தரவில் எழுத வேண்டும். பொது நிலத்தில் ஒரு நிலையம் கட்டி, அதில் அவர்களுக்குப் பங்கு கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

நிலம் பற்றி ஒரே ஒரு சொல். கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவுக்குச் சுமார் 13,000 ஏக்கர் தேவைப்பட்டது. விவசாயிகளிடமிருந்து நிலத்தைப் பிடுங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள், வருடாவருடம் வாடகை போகிறது. வறட்சிப் பகுதி என்பதால் நிலம் வைத்திருந்த பலருக்கு அது நிம்மதி. அந்த நிலத்தில் கூலி வேலை செய்த நிலமற்றவர்களுக்கு வாடகை எதுவும் இல்லை, பழைய வேலையும் போய்விட்டது. அடுத்த பூங்காவுக்குக் கையெழுத்துப் போடும் முன் அவர்கள் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும்.

"ராத்திரிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு வாயடைக்க நினைப்பவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு முன் என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்று இருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளின் விலை பேனலைப் போலவே விழுந்துகொண்டிருக்கிறது. ஈய பேட்டரியைவிடப் பல மடங்கு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மாலை ஆறிலிருந்து பத்து மணி வரை, அதாவது எல்லா வீட்டிலும் விளக்கும் அடுப்பும் மின்விசிறியும் ஓடுகிற அந்த நான்கு மணி நேரத்தை பேட்டரி தாங்கிவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. அணைகள் உள்ள நாடுகளுக்கு இன்னும் சுலபம். பகலில் சோலார் ஓடும்போது மதகை மூடி நீரைப் பிடித்துவைத்து, மாலையில் திறந்தால் போதும். அணையே பேட்டரியாகிவிடும். பல நாள் தொடரும் மழை மூட்டத்துக்குக் காற்றாலையும் அணையும் அண்டை மாநில மின்சாரமும் கைகொடுக்க வேண்டும். சில காலத்துக்கு ஏற்கெனவே இருக்கும் அனல் நிலையங்களும் ஓடித்தான் ஆக வேண்டும், குறைந்துகொண்டே. புதிதாக அனல் நிலையம் கட்டி அடுத்த நாற்பது வருடத்தை அதற்கு எழுதிக்கொடுப்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

எண்ணெய் இறக்குமதியை விட்டுவிட்டு சீனப் பேனல் இறக்குமதியில் மாட்டிக்கொள்கிறோமே என்ற கேள்வியும் வரும். கவலை நியாயமானது. ஆனால் இரண்டும் ஒரே அளவு அடிமைத்தனம் இல்லை. எண்ணெய்க் கப்பல் நின்றால் சில வாரத்தில் நாடு இருண்டுவிடும். பேனல் கப்பல் நின்றால் புதிதாகப் போட முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே கூரையில் இருப்பது வருடத்துக்கு அரை சதவீதம் அளவுக்குத் திறன் குறைந்தபடி, இருபத்தைந்து வருடம் உழைத்துக்கொண்டே இருக்கும்.

என்னிடம் ஒரு நாட்டின் சோலார் பணத்தைக் கொடுத்தால், முதல் பங்கை மின்பாதைக்கும் மாலை நேர பேட்டரிக்கும் ஒதுக்குவேன். இரண்டாவது பங்கைச் சுகாதார நிலையங்கள், பள்ளிகள், குடிநீர் மோட்டார்களுக்குக் கொடுப்பேன். அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பத்து வருடப் பராமரிப்புக்கென்று தனிக்கணக்கில் பூட்டிவைப்பேன், திறப்பு விழாவுக்கு யாரும் அதைத் தொடக் கூடாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இரண்டு பேருக்கு, ஆணோ பெண்ணோ, பயிற்சி கொடுத்து மாதச் சம்பளம் போடுவேன். பேனலுக்கு மானியம் அநேகமாகக் கொடுக்க மாட்டேன். இன்றைய விலையில் அதற்குத் தேவை மலிவான கடன்.

மேலே சொன்ன அந்தச் சுகாதார நிலையத்துக்குப் பிறகு ஒருமுறை போயிருந்தேன். கூரையில் அதே பழைய பேனல்கள்தான், ஒன்றைக்கூட மாற்றவில்லை. கீழே ஆறு ஈய பேட்டரி இருந்த இடத்தில் ஒரு லித்தியம் பெட்டி, பக்கத்தில் பேட்டரி இல்லாத தடுப்பூசிக் குளிர்பெட்டி. பழைய பேட்டரிகளை எடைக்குப் போடாமல் தயாரித்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பேனலைத் துடைத்து, வயர் முடிச்சுகளை இறுக்கிவிட்டுப் போகிறார். சுவரில் தொங்கிய நோட்டில் அவர் வந்த தேதிகள் வரிசையாக இருந்தன. கடைசிக் கையெழுத்து முந்தின வாரத்தது. செவிலியர் அம்மா அந்த நோட்டைத்தான் எனக்கு முதலில் எடுத்துக் காட்டினார்.